சாதன இயக்கியை எளிதாக்கும் பொது நிரலகம்

கணிப்பொறியுடன் இணைக்கப்படும் ஒவ்வொரு சாதனத்திற்கும் அதனை இயக்குவதற்கென்றே ஒரு நிரல் தேவைப்படுகிறது. அச்சுப்பொறியாயினும், ஒளிப்படக் கருவியாயினும், காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்கும் உணரியாயினும், அதன் மின்குறிகளை வாங்கிக் கணிப்பொறிக்கு விளங்கும்படி எடுத்துரைப்பது இந்நிரலின் வேலை. இதற்குச் சாதன இயக்கி என்று பெயர். டிரைவர் என்பது பேச்சு வழக்கு.

பள்ளியிலோ பண்ணையிலோ ஒரு கருவி வேலை செய்யாது போனால், அது பழுதாகிவிட்டது என்றே பெரும்பாலும் கருதுகிறோம். ஆனால், கருவி நன்னிலையில் இருந்தும், அதன் இயக்கி புதிய கணிப்பொறிக்குப் பொருந்தாமையால் அது மூலையில் கிடப்பதும் உண்டு. கருவியைச் செய்தவர் அவ்வியக்கியைத் தாமே தனியாக எழுதி, பிறர் எவரும் படித்துத் திருத்த இயலாதவாறு விட்டுவிட்டால், அக்கருவியின் ஆயுள் செய்தவரின் அக்கறை நீடிக்கும் வரையில்தான். மாறாக, இயக்கி சிறியதாகவும், பலரும் அறிந்த பொது நிரல்களின்மேல் அமைந்ததாகவும் இருப்பின், செய்தவர் விலகிய பின்னரும் பிறர் அதனைக் காக்க இயலும். இயக்கியை அவ்வாறு எளிதாக்குவது எங்ஙனம் என்பதையும், அதற்குப் பெங்களூரிலிருந்து கிடைத்த ஒரு பங்களிப்பையும் இக்கட்டுரையில் காண்போம்.

கர்னலும் இயக்கியும்

கணிப்பொறியின் நினைவகம், செயலி, வெளிச் சாதனங்கள் ஆகியவற்றை நேரடியாக ஆளும் அடிப்படை நிரலைக் கர்னல் என்பர். நாம் நாள்தோறும் பயன்படுத்தும் எழுத்துச் செயலி, படம் காட்டும் நிரல் முதலியவை சாதனங்களை நேராகத் தொடுவதில்லை. கர்னலிடம் கேட்டே பெறுகின்றன. சாதன இயக்கிகள் பெரும்பாலும் இக்கர்னலின் உள்ளேயே இயங்குவன. ஆகவே, பயன்பாட்டு நிரல் ஒன்றில் பிழை நேர்ந்தால் அந்நிரல் மட்டும் நிற்கும். இயக்கியில் பிழை நேர்ந்தாலோ கணிப்பொறி முழுவதுமே நின்றுவிடக் கூடும்.

இன்று உலகில் மிகப் பரவலாக வழங்கும் கர்னல்களுள் ஒன்று லினக்ஸ். இதனை 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கினார். எவரும் படிக்கவும், மாற்றவும், பகிரவும் உரிமை தரும் உரிமத்தின்கீழ் இது வெளியிடப்பட்டுள்ளது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உள்ளேயும், சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் கணிப்பொறி அமைப்பின் உள்ளேயும் இருப்பது இக்கர்னலே. 2020ஆம் ஆண்டிலேயே இதன் மூல நிரல் இரண்டரைக் கோடி வரிகளைக் கடந்துவிட்டது. அவ்வரிகளில் பாதிக்கும் மேற்பட்டவை சாதன இயக்கிகளே. எனவே, கர்னலை ஒழுங்காக வைத்திருத்தல் என்பது பெரும்பாலும் இயக்கிகளை ஒழுங்காக வைத்திருத்தலே ஆகும்.

பொது நிரலகம் என்பது யாது?

பல இயக்கிகளுக்கும் பொதுவாகத் தேவைப்படும் வேலைகள் சில உண்டு. வந்த தரவு பிழையின்றி வந்ததா என்று சோதித்தல், வரிசையாக வரும் எண்களைத் தேக்கி வைத்தல், ஒரு சாதனத்திற்கு மின்சாரம் வழங்கிப் பின் நிறுத்துதல், கடன் வாங்கிய நினைவக இடத்தைத் திருப்பித் தருதல் போன்றவை இவை. இவ்வேலைகளுக்கென ஒருமுறை நன்கு எழுதிச் சோதித்து, யாவரும் அழைத்துப் பயன்படுத்துமாறு கர்னலுக்குள் வைக்கப்பட்டுள்ள நிரல் தொகுதியையே இங்கே பொது நிரலகம் என்கிறோம்.

ஆசிரியர்களுக்கு இதனை விளக்கக் கிளார்க் அட்டவணை நல்ல உவமையாகும். மின் கணிப்பான் பரவுமுன், பெருக்கல் வகுத்தலுக்கு மடக்கை தேவைப்பட்ட மாணவன் அதனைத் தானே கணக்கிட்டுக்கொண்டதில்லை. அச்சிட்ட அட்டவணையைப் புரட்டினான். ஒவ்வொரு மாணவனும் தனக்கென ஓர் அட்டவணை தயாரிக்கப் புகுந்திருந்தால், நாற்பது மாணவர்களிடம் நாற்பது அட்டவணைகள் இருந்திருக்கும். அவற்றுள் எத்தனை சரி என்பதை ஆசிரியரே அறிந்திருக்க மாட்டார். மேலும், ஒருவனுடைய அட்டவணையில் கண்ட பிழையைத் திருத்துவதால் மற்ற முப்பத்தொன்பதும் திருந்துவதில்லை. இயக்கிகளின் நிலையும் இதுவே. ஒரே வேலையைப் பல இயக்கிகளில் தனித்தனியே எழுதினால், பிழையும் தனித்தனியே பிறக்கிறது. திருத்தமும் தனித்தனியே செய்யப்பட வேண்டியதாகிறது.

ஆகவே, ஓர் இயக்கியில் இருக்க வேண்டியது அந்தச் சாதனத்திற்கே உரிய சிறப்புச் செய்தி மட்டுமே. ஏனைய யாவும் பொது நிரலகத்திலிருந்து பெறப்பட வேண்டும். இயக்கியை எளிதாக்குதல் என்பதன் முழுப்பொருளும் இவ்வொரு விதியில் அடங்கும்.

பெங்களூரிலிருந்து வந்த ஒரு பங்களிப்பு

இருக்கும் பொது நிரலைக் கொண்டு புதிய கருவி செய்யும் முறை பெங்களூருக்குப் புதிதன்று. 2001ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட சிம்ப்யூட்டர் என்னும் கையடக்கக் கணிப்பொறியை, அந்நகரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தினரும் சேர்ந்து வடிவமைத்தனர். அவர்கள் அதற்கெனத் தனிக் கர்னல் ஒன்றை எழுதப் புகவில்லை. லினக்ஸையே எடுத்துக்கொண்டு, தங்கள் கருவிக்குத் தேவையானதை மட்டும் சேர்த்தனர்.

சிம்ப்யூட்டர் வந்தபின் பத்தாண்டுகளில் கையடக்கக் கருவிகள் உலகெங்கும் பெருகின. அவற்றின் சில்லுகளைச் செய்த நிறுவனங்கள் பல. ஒவ்வொன்றும் தத்தம் சில்லுக்கென ஏறத்தாழ ஒரே வகையான நிரலைத் தனித்தனியே எழுதிக் கர்னலில் சேர்த்துவந்தன. இப்படிப் பெருகிய மறுபடிகளைக் குறித்து 2011ஆம் ஆண்டில் டோர்வால்ட்ஸ் கடுமையாகக் குறை கூறினார். அதன்பின், பொதுவானவற்றைப் பிரித்தெடுத்து ஓரிடத்தில் வைக்கும் பணி விரைவு பெற்றது.

இவ்வகைப் பணிகளுள் ஒன்று பெங்களூரில் நடந்தது. டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 1985ஆம் ஆண்டிலேயே அந்நகரில் தன் வடிவமைப்பு மையத்தைத் தொடங்கியிருந்தது. அம்மையத்தின் பொறியாளர் கிஷோன் விஜய் ஆபிரகாம் 2013ஆம் ஆண்டில், ஃபை எனப்படும் சாதனங்களுக்கென ஒரு பொதுச் சட்டகத்தை எழுதி அளித்தார். 2014ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான லினக்ஸ் 3.13ஆம் பதிப்பில் அது இடம்பெற்றது.

ஃபை என்பது யாது எனில், கணிப்பொறியின் உள்ளே எண்களாக உள்ள செய்தியைக் கம்பியில் செல்லத்தக்க மின்னலைகளாக மாற்றியும், கம்பியில் வருபவற்றை மீண்டும் எண்களாக மாற்றியும் தரும் பௌதிக அடுக்குச் சுற்று எனலாம். யுஎஸ்பி இணைப்பு, வன்தட்டை இணைக்கும் சாட்டா, விரிவாக்க அட்டைகளை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஆகிய ஒவ்வொன்றிற்கும் ஃபை தேவை. யுஎஸ்பிக்கும் ஈதர்நெட்டுக்கும் முன்பே கர்னலில் தனித்தனி ஏற்பாடுகள் இருந்தன. ஆனால், எல்லா வகைக்கும் பொதுவான ஏற்பாடு ஒன்று இல்லை. இதனால், ஃபையைத் தொடங்குதல், அதற்கு மின்சாரம் தருதல் ஆகிய வேலைகளை ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியவாறு எழுத நேர்ந்தது.

புதிய சட்டகம் ஃபை இயக்கியிடம் அடிப்படையாகக் கேட்பது நான்கு செயல்களையே. அவையாவன: தொடங்குதல், மின்சாரம் ஏற்றுதல், மின்சாரம் நிறுத்துதல், முடித்தல். இவற்றுள்ளும் தன் சாதனத்திற்குத் தேவையானவற்றை மட்டும் இயக்கி எழுதினால் போதும். எந்த ஃபை எந்தக் கட்டுப்படுத்திக்கு உரியது என்று தேடிக் கண்டுபிடித்தல், ஒரே சமயத்தில் இருவர் கைவைக்காதவாறு பூட்டுதல், எத்தனை பேர் பயன்படுத்துகின்றனர் என்று எண்ணி வைத்தல் ஆகியவற்றைச் சட்டகமே பார்த்துக்கொள்கிறது. தொடக்கத்திலேயே டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஓமாப் சில்லுகளின் ஃபையோடு, வேறு நிறுவனமான சாம்சங்கின் எக்ஸினாஸ் சில்லுகளின் ஃபையும் இதன்கீழ் வந்தது. பின்னர் குவால்காம், மார்வெல், ராக்சிப் முதலிய பல நிறுவனங்களின் ஃபை இயக்கிகளும் இதன்மேல் எழுதப்பட்டன. போட்டி நிறுவனங்கள் பலவற்றின் சாதனங்கள் ஒரே நிரலின் துணையால் இயங்குவது இங்குக் குறிப்பிடத்தக்கது.

எண்ணி வைப்பதன் இன்றியமையாமை

சட்டகம் செய்யும் வேலைகளுள் எண்ணி வைத்தல் அற்பமானதாகத் தோன்றலாம். அதன் அருமையைக் களப்பணியாளர் நன்கறிந்த ஓர் உதாரணத்தால் விளக்குவோம்.

ஒரு கிணற்றின் மின்மோட்டாரிலிருந்து இரண்டு வயல்களுக்குத் தண்ணீர் பாய்கிறது என்க. முதல் வயல்காரர் தம் வயல் நிறைந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டால், மற்றவரின் வயல் பாதியில் நின்றுவிடும். இருவரும் நிறுத்தாமலே சென்றால் மோட்டார் வீணே ஓடும். முறையான வழி ஒன்றே: மோட்டார்க் கொட்டகையில் ஒரு பலகை வைத்து, தண்ணீர் வேண்டுவோர் வரும்போது ஒரு கோடு இடவும், முடிந்ததும் ஒரு கோட்டை அழிக்கவும் வேண்டும். முதற்கோடு விழும்போது மோட்டார் ஓடத் தொடங்கும். கடைசிக் கோடு அழியும்போது நிற்கும்.

ஒரு ஃபையை இரண்டு கட்டுப்படுத்திகள் பகிர்ந்துகொள்ளும் கணிப்பொறிகள் உண்டு. அங்கும் இதே இடர் எழுகிறது. மின்சாரம் வேண்டும் என்ற கேள்வி வரும்போது பொதுச் சட்டகம் முதலில் அதன் மின்வழங்கியைத் திறக்கிறது. பின்னர்ப் பூட்டு இட்டுப் பலகையைப் பார்க்கிறது. எண்ணிக்கை சுழியாக இருந்தால் மட்டுமே இயக்கியின் மின்னேற்றும் செயலை அழைக்கிறது. அதன்பின் எண்ணிக்கையை ஒன்று கூட்டுகிறது. இடையில் தவறு நேர்ந்தால், திறந்தவற்றைத் தலைகீழ் வரிசையில் மூடிவிட்டுத் தவறு நேர்ந்ததைத் தெரிவிக்கிறது.

இவ்வளவையும் ஒவ்வோர் இயக்கியும் தானே செய்யப் புகுந்தால் என்ன நேரும்? நேர்வழியைப் பெரும்பாலோர் சரியாகவே எழுதுவர். தவறு நேர்ந்தபோது திரும்பும் வழியைத்தான் பலர் மறப்பர். அத்தகைய பிழை ஆய்வுச்சாலையில் தலைகாட்டாது; மின்சாரம் சரிவரக் கிடைக்காத ஊரில், கருவி பத்தாம் முறை அணைந்து எரியும்போதுதான் தலைகாட்டும். பொது நிரலில் அவ்வழி ஒருமுறை சரியாக எழுதப்பட்டால், அதன்மேல் அமைந்த எல்லா இயக்கிகளுக்கும் அது சரியாகிறது.

ஈரப்பத உணரி ஒன்றின் இயக்கி

இனி, களத்தில் எளிதிற் காணத்தக்க ஒரு சாதனத்தை எடுத்துக்கொள்வோம். சுவிட்சர்லாந்தின் சென்சிரியன் நிறுவனம் செய்யும் எஸ்எச்டி 40 என்பது காற்றின் வெப்பநிலையையும் ஒப்பீரப்பதத்தையும் அளக்கும் சிறு உணரி. இதற்கான இயக்கி 2021ஆம் ஆண்டில் லினக்ஸில் சேர்க்கப்பட்டது. அது சில நூறு வரிகளே கொண்டது.

இவ்வுணரி ஒவ்வொரு முறையும் ஆறு பைட்டுகளை அனுப்புகிறது. பைட் என்பது 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண். முதலிரண்டு பைட்டுகள் வெப்பநிலைக்கு உரியவை. மூன்றாவது அவ்விரண்டிற்கான சரிபார்ப்பு எண். நான்காவதும் ஐந்தாவதும் ஈரப்பதத்திற்கு உரியவை. ஆறாவது அவற்றின் சரிபார்ப்பு எண். ஈரப்பதத்தைப் பெற, முதற்பைட்டை 256ஆற் பெருக்கி இரண்டாம் பைட்டைக் கூட்ட வேண்டும். வந்த எண்ணை 125ஆற் பெருக்கி 65535ஆல் வகுத்து, ஈவிலிருந்து 6ஐக் கழிக்க வேண்டும்.

கர்னலுக்குள் தசமப் புள்ளிக் கணக்கு வழக்கமாகத் தவிர்க்கப்படுவதால், இயக்கி இதனை முழு எண்களாலேயே செய்கிறது: எண்ணை 15625ஆற் பெருக்கி, 8192ஆல் வகுத்து, 6000ஐக் கழித்தால், ஈரப்பதம் ஒரு விழுக்காட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்னும் அலகில் கிடைக்கும். உதாரணமாக, பைட்டுகள் 190, 239 எனில் எண் 48879, ஈரப்பதம் 87.23 விழுக்காடு. முழு எண் முறையிற் கிடைப்பது 87229, அதாவது 87.229 விழுக்காடு. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு உணரியின் பிழையெல்லையைவிட மிகமிகச் சிறியது.

மேற்கூறிய பைட் வரிசையும், இக்கணக்கும், உணரிக்கு அனுப்ப வேண்டிய கட்டளை எண்களும், அளந்து முடிக்க அது எடுத்துக்கொள்ளும் நேரமுமே இவ்வுணரிக்கு உரிய சிறப்புச் செய்திகள். மற்றவை எல்லாம் கடன் வாங்கியவை. இரண்டு கம்பிகளின் வழியே பைட்டுகளை அனுப்பிப் பெறுவது ஐ2சி பொது நிரலின் வேலை. அளந்த மதிப்பைப் பயன்பாட்டு நிரல்களுக்கு ஒரே சீரான பெயரில் காட்டுவது வன்பொருள் கண்காணிப்புச் சட்டகத்தின் வேலை. இதற்கான எளிய பதிவு முறை 2016ஆம் ஆண்டில் லினக்ஸ் 4.9ஆம் பதிப்பில் வந்தது. சாதனம் நீக்கப்படும்போது வாங்கிய இடத்தைத் தானே திருப்பித் தரும் ஏற்பாடு 2007ஆம் ஆண்டு முதல் கர்னலில் உள்ளது. சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடும் நிரல் 2011ஆம் ஆண்டில் பொது நிரலகத்தில் வைக்கப்பட்டது. இவ்வாறு நால்வகைக் கடன்களால், இயக்கியில் எஞ்சியது உணரியைப் பற்றிய செய்தி மட்டுமே. இயக்கியைப் படிப்பவர் உணரியையே படிப்பவராகிறார்.

வகுப்பறையிற் செய்து பார்க்கத்தக்க கணக்கு

சரிபார்ப்பு எண் காணும் முறையை உயர்நிலை வகுப்பு மாணவர்கள் தாளில் செய்து பார்க்கலாம். இதற்கு இரும எண் முறையும் ஒரு விதியும் தெரிந்தாற் போதும். அவ்விதி பின்வருமாறு: இரண்டு எண்களை இரும முறையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒரே இடத்தில் இலக்கங்கள் வேறுபட்டால் 1 என்றும், ஒத்திருந்தால் 0 என்றும் எழுதுக. இதனை இங்குச் சேர்த்தல் என்போம்.

முதலில் 255ஐ எடுத்துக்கொண்டு அதனுடன் 190ஐச் சேர்க்க வேண்டும், 65 வரும். இனி எட்டு முறை, எண்ணை இரட்டிக்க வேண்டும். இரட்டிக்குமுன் எண் 128க்குக் குறைவாயின் இரட்டித்ததோடு நிறுத்துக. 128 அல்லது அதற்கு மேலாயின், இரட்டித்ததிலிருந்து 256ஐக் கழித்துவிட்டு 49ஐச் சேர்க்க. முறையே 130, 53, 106, 212, 153, 3, 6, 12 என வரும். 12உடன் அடுத்த பைட்டாகிய 239ஐச் சேர்த்தால் 227. மீண்டும் எட்டு முறை அவ்வாறே செய்ய, 247, 223, 143, 47, 94, 188, 73, 146 என வரும். ஆகவே 190, 239 என்ற இரு பைட்டுகளின் சரிபார்ப்பு எண் 146. உணரியும் இதையே அனுப்பியிருந்தால் அளவீட்டை ஏற்கலாம்.

இப்போது கம்பியில் ஏற்பட்ட மின் சலனத்தால் 190 என்பது 62 என மாறி வந்ததாகக் கொள்வோம். மாறியது ஒரே ஓர் இரும இலக்கம். ஆனால் ஈரப்பதம் 87.23 என்பதற்குப் பதிலாக 24.73 விழுக்காடு எனக் காட்டும். மழைநாள் கடும் வறட்சி நாளாகிவிடும். சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டால் 177 வரும், வந்ததோ 146. ஆகவே இயக்கி இவ்வளவீட்டைத் தள்ளிவிடும். இச்சோதனை இல்லாத நிலையத்தின் பதிவேட்டில் பொய்யான எண் ஏறிவிடும்; பின்னாளில் அப்பதிவேட்டைக் கொண்டு நோய் எச்சரிக்கையோ பாசன அறிவுரையோ தருபவர், அது பொய் என்பதை அறிய வழியில்லை.

இனி, இக்கணக்கை இயக்கி எழுதுபவர் தாமே எழுதினார் என்றும், தொடக்க எண் 255 என்பதற்குப் பதிலாக 0 என வைத்துவிட்டார் என்றும் கொள்வோம். அவருக்கு 146க்குப் பதிலாக 19 கிடைக்கும். நல்ல அளவீடுகளும் பொருந்தாமற் போகும். காரணம் அறியாத அவர், சோதனையே தொல்லை என்று எண்ணி அதை நீக்கிவிடவும் கூடும். பொது நிரலோ தொடக்க எண்ணைத் தருமாறு வெளிப்படையாகவே கேட்கிறது. தரவேண்டிய எண் உணரியின் விவரக் குறிப்பில் அச்சிடப்பட்டுள்ளது. கவனம் செலுத்த வேண்டிய இடம் அந்த ஓர் எண்ணாகச் சுருங்கிவிடுகிறது.

இயக்கியை எளிதாக்கும் வழிமுறை

முன்பே எழுதப்பட்டு இயங்கிவரும் ஓர் இயக்கியை எளிதாக்க விரும்புவோர் பின்வரும் முறையைக் கையாளலாம்.

முதலாவதாக, இயக்கி செய்யும் வேலைகளை எல்லாம் ஒரு தாளில் பட்டியலிட வேண்டும். ஒவ்வொன்றின் எதிரிலும், இது இச்சாதனத்திற்கே உரியதா, பல சாதனங்களுக்கும் பொதுவானதா என்று குறிக்க வேண்டும்.

இரண்டாவதாக, பொதுவானவை என்று குறித்தவற்றிற்குக் கர்னலின் பொது நிரலகத்தில் ஏற்ற நிரல் உள்ளதா என்று தேட வேண்டும். அதே வகைச் சாதனத்திற்கு அண்மையில் எழுதப்பட்ட வேறோர் இயக்கியைப் படிப்பது இதற்குச் சிறந்த வழி.

மூன்றாவதாக, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் உண்மையான சாதனத்தை இணைத்துச் சோதிக்க வேண்டும். பத்து மாற்றங்களை ஒன்றாகச் செய்தபின் சாதனம் நின்றுவிட்டால், பிழை எதிலிருந்து வந்தது என்று அறிதல் அரிது.

நான்காவதாக, பொது நிரல் ஏறத்தாழப் பொருந்தி ஓரிடத்தில் மட்டும் பொருந்தாவிடில், அதனைப் படியெடுத்துத் தம் இயக்கிக்குள் வைத்துக்கொள்வது கூடாது. ஏற்கெனவே அதனைப் பயன்படுத்துவோர்க்கு ஊறு நேராதவாறு பொது நிரலையே விரிவாக்க வேண்டும். அவ்வாறு செய்யும்போது, பின்வருவோர்க்கும் அது பயன்படும்.

ஐந்தாவதாக, மாற்றத்தின் காரணத்தைத் தெளிவாக எழுதி, அப்பகுதியின் பொறுப்பாளர்களின் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். லினக்ஸில் ஒவ்வொரு மாற்றமும் இவ்வாறு பிறர் படித்த பின்னரே ஏற்கப்படுகிறது.

கவனிக்க வேண்டியவை

எளிதாக்குதலிலும் இடர்கள் உண்டு. பெயர் ஒத்திருப்பதால் வேலையும் ஒத்திருக்கும் என்று கொள்ளலாகாது. சரிபார்ப்பு எண்ணையே எடுத்துக்கொண்டால், இரும இலக்கங்களை இடக்கோடியிலிருந்து எடுக்கும் முறை, வலக்கோடியிலிருந்து எடுக்கும் முறை என இரண்டு உள்ளன. பொது நிரலகம் இரண்டிற்கும் தனித்தனியே அட்டவணை நிரப்பும் செயல்களை வைத்துள்ளது. தவறானதைத் தேர்ந்தெடுத்தால் விடையும் தவறும்.

மேலும், கர்னலை உருவாக்கும்போது எந்தெந்தப் பகுதிகள் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல் ஒன்று உண்டு. தம் இயக்கிக்கு இன்ன பொது நிரல் தேவை என்று அப்பட்டியலில் குறிக்க மறந்தால், எழுதியவரின் கணிப்பொறியில் யாவும் சரியாக நடக்கும். வேறொருவரின் கணிப்பொறியிலோ இயக்கி உருவாகவே மாட்டாது.

பொது நிரலிலேயே பிழை இருந்தால் யாவரும் கெடுவரே என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அச்சிட்ட அட்டவணையிற் பிழை இருந்தால் வகுப்பு முழுவதும் தவறான விடை எழுதும். ஆனால், வகுப்பு முழுவதும் ஒரே இடத்தில் தவறும்போது பிழை விரைவில் வெளிப்படும். ஒருமுறை திருத்தியதும் யாவருக்கும் திருந்தும். தனித்தனிப் பிழைகளோ பல்லாண்டுகள் மறைந்து கிடக்கும். இதனால்தான் பொது நிரலை மாற்றுவோர் மற்றவரைவிட மிகுந்த கவனத்தோடு மாற்ற வேண்டியவராகின்றனர்.

வரிகளைக் குறைப்பதே நோக்கம் என்று கருதுவதும் தவறு. சாதனத்தின் விசித்திர இயல்பு ஒன்றிற்காக எழுதப்பட்ட நான்கு வரிகளை, தேவையற்றவை எனக் கருதி நீக்கிவிட்டால் இயக்கி சிறிதாகும், சாதனமோ நின்றுவிடும். குறைக்க வேண்டியது மறுபடிகளையே. சாதனத்தைப் பற்றிய அறிவை அன்று.

களத்திற்கு விளையும் பயன்

கர்னலின் உள்ளமைப்பு நாள்தோறும் மாறிக்கொண்டே வருவது. பொது நிரல் ஒன்றின் அழைப்பு முறையை மாற்றுபவர், கர்னலுக்குள் அதனைப் பயன்படுத்தும் இயக்கிகளையும் தாமே திருத்தித் தருவது லினக்ஸின் வழக்கம். கர்னலுக்குள் உள்ள சிறிய, முறையான இயக்கி இவ்வாறு, எழுதியவர் பார்வையில் இல்லாதபோதும் காலத்தோடு ஒத்து நடக்கிறது. கர்னலுக்கு வெளியே தனியாக வைக்கப்பட்ட இயக்கியை எவரும் அவ்வாறு திருத்துவதில்லை. அடுத்த பதிப்பில் அது பொருந்தாது போனால், பழைய கர்னலோடு கணிப்பொறியை வைத்திருப்பதோ, கருவியைக் கைவிடுவதோ அன்றி வேறு வழியில்லை.

ஆகவே, பள்ளிக்கோ நிலையத்திற்கோ கருவி வாங்கும் பொறுப்பில் உள்ளோர் இரண்டு கேள்விகளைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம். இக்கருவியின் இயக்கி லினக்ஸ் கர்னலிலேயே உள்ளதா? அன்றித் தனியாகக் குறுந்தகட்டிலோ வலையிலிருந்தோ பெற்று நிறுவ வேண்டியதா? முதல் வகைக் கருவிக்கு நீண்ட ஆயுள் எதிர்பார்க்கலாம். விலைப்பட்டியலில் இது எழுதப்பட்டிருக்காது. ஆயினும் ஐந்தாண்டுகள் கழித்து அக்கருவி மேசைமேல் இருக்குமா, பரண்மேல் இருக்குமா என்பதைத் தீர்மானிப்பவற்றுள் இதுவும் ஒன்று.

மாணவர்களுக்கும் இதில் பயில இடமுண்டு. ஈரப்பத உணரியின் இயக்கி போன்ற சிறியதொரு நிரலை எடுத்து, சாதனத்திற்கு உரிய வரிகள் எவை, கடன் வாங்கியவை எவை என்று இரு நிறங்களால் கோடிட்டுப் பார்க்கச் சொல்லலாம். அதன்பின், மேற்காட்டிய கணக்கைத் தாளில் செய்து, 190க்கும் 239க்கும் 146 வருகிறதா என்று சோதிக்கச் சொல்லலாம். நிரல் எழுதுமுன் நிரலகத்தைத் தேடும் பழக்கத்தை அவர்கள் இவ்வாறே தொடங்கலாம்.